புல்லட் 350: கையால் திறந்து பார்க்கக்கூடிய இயந்திரம்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கனடாவுக்கு வந்த எம்மவர்களில் பலர் ஊரிலிருந்து நேரே இங்கு வந்து இறங்கியவர்கள் அல்லர். சில மாதங்களோ சில வருடங்களோ சென்னையில் தங்கி, பயணத்துக்கு வழி பிறக்கும்வரை காத்திருந்தவர்கள். கோடம்பாக்கம், வளசரவாக்கம், அண்ணாநகர்ப் பக்கத்து வாடகை வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தத் தெருக்களின் ஓர் ஒலி இன்னும் நினைவிருக்கலாம். மற்ற வாகனங்கள் எல்லாம் இரைந்துகொண்டு போக, ஒன்று மட்டும் 'டப்... டப்... டப்' என்று ஒவ்வொரு வெடியையும் எண்ணிவிடலாம் போலப் போகும். அது றோயல் என்ஃபீல்ட் புல்லட்.

அந்த மோட்டார் சைக்கிள் செய்யப்பட்டது அதே நகரத்தின் வடக்கு ஓரத்தில், கடலுக்கு அண்மையில் உள்ள திருவொற்றியூரில். ஆனால் அதன் வரைபடம் இங்கிலாந்தில் 1940களின் பிற்பகுதியில் வரையப்பட்டது. வரைந்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும், ஏறத்தாழ அதே எஞ்சினைத் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் 2010 வாக்கு வரை செய்துகொண்டிருந்தார்கள். அறுபது வருடங்களாகப் பெரிய மாற்றம் இல்லாமல் ஓர் எஞ்சின் விலைபோனது எப்படி? அது வேகமானது என்பதால் அல்ல. எண்ணெய் கசியாதது என்பதாலும் அல்ல. அதில் தேயக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்திலேயே அதைச் சரிசெய்ய ஒரு திருகாணி இருந்தது. அந்தத் திருகாணியைத் திருக ஒரு சாதாரண சாவி போதுமாக இருந்தது. இதை விளங்கிக்கொள்ள அந்த எஞ்சினைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டு ஊர்களின் கதை

றோயல் என்ஃபீல்ட் நிறுவனத்தின் தாயகம் இங்கிலாந்தின் றெடிச் என்ற ஊர். ஊசி தயாரிப்புக்குப் பெயர்போன இடம். அங்கே சைக்கிள் செய்து, பின்னர் 1901 இல் முதலாவது மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932 இலேயே வந்துவிட்டது. ஆனால் நாம் அறிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிறந்தது. 1948 இல் அதன் மாதிரி வண்டிகள் போட்டிகளில் ஓடின. அந்த வருடம் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட்டில் சென்ற இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் நிரப்பிய டாம்பர்களோடு கூடிய ஆடும் கை அமைப்பு அப்போது தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் அரிது. அதைப் பார்த்தவர்கள் முதலில் நம்பவில்லை. கல்லிலும் சேற்றிலும் அது ஓடி முடித்த பிறகு நம்பினார்கள்.

1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்குப் பொருத்தமான வண்டியைத் தேடிய இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தெரிவுசெய்தது. றெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955 இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களையும் அங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1967 இல் றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970 இல் ஆங்கிலேய நிறுவனமே இல்லாமல் போனது. பிள்ளை நிறுவனம் மட்டும் தனித்து நின்றது. 1977 இல் அது தன் வண்டிகளை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது.

புதிய வரைபடம் அனுப்பத் தாய் நிறுவனம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த இந்தியாவில் புதிய யந்திரங்கள் வாங்குவதும் இலகுவல்ல. ஆகவே தெரிந்ததையே செய்தார்கள். இதைத் தேக்கம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்தத் தேக்கத்தால் ஒரு நன்மை விளைந்தது: 1960 இல் ஒரு புல்லட்டைத் திருத்தப் பழகிய மெக்கானிக்கின் கைவேலை 1995 இல் வாங்கிய புல்லட்டுக்கும் செல்லுபடியானது. அப்பாவிடம் பழகிய மகனுக்கும் அது சோறு போட்டது.

இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி

புல்லட்டின் எஞ்சினில் ஒரேயொரு சிலிண்டர். அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. கீழே இறங்கும்போது பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறி அதை அமுக்குகிறது. பிளக் தீப்பொறி போட, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலே ஏறும்போது எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்கு அடிகளில் ஒன்று மட்டுமே வலுத் தருகிறது. மற்ற மூன்றும் செலவு. நான்கு அடிகளுக்குக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுகிறது. அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி.

ஒலியின் இரகசியமும் இங்கேதான். எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றினால், நிமிடத்துக்கு 450 வெடி. செக்கனுக்கு ஏழு அல்லது எட்டு. எமது காது இவற்றை ஓரளவு தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். நான்கு சிலிண்டர் காரில் அதே வேகத்தில் செக்கனுக்கு 30 வெடி. காதுக்கு அது தொடர்ந்த இரைச்சலாகிவிடும்.

ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் எஞ்சினை யார் சுற்றுகிறார்கள்? பிளைவீல். புல்லட்டின் கிராங்க் பெட்டிக்குள் இரண்டு கனமான இரும்பு வட்டங்கள் இருக்கின்றன. வெடியின் வலுவை அவை சேமித்து வைத்து, வலு இல்லாத மூன்று அடிகளிலும் பிஸ்டனை இழுத்துச் செல்கின்றன. குயவர் சக்கரத்தைக் கோலால் ஒருமுறை சுழற்றிவிட்டால் அது பானை வனைந்து முடியும்வரை சுற்றுவதுபோலத்தான் இதுவும். பிளைவீல் எவ்வளவு கனமோ, எஞ்சின் அவ்வளவு மெதுவாகச் சுற்றியும் நின்றுபோகாமல் இருக்கும். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டிய தெருக்களில் இது பெரிய வசதி. அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லை.

ஒடுங்கிய சிலிண்டர், நீண்ட அடி

புல்லட் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90 மில்லிமீற்றர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் 346 சிசி வரும். இதைத்தான் 350 என்கிறோம். விட்டத்தைவிட அடி நீளமாக இருப்பதால் கிராங்க் தண்டின் கை நீளமாகிறது.  குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும் எஞ்சின் இது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் நீண்ட தூரம் ஓடவேண்டியிருப்பதால் அதை மிக வேகமாகச் சுற்ற முடியாது. நிமிடத்துக்கு 5,600 சுற்றளவில் 18 குதிரைவலு, அதோடு சரி.

கலவையை எவ்வளவுக்கு அமுக்குகிறது என்பது அடுத்த முக்கியமான விடயம். இந்தியப் புல்லட்டில் அமுக்க விகிதம் 6.5க்கு 1. இன்றைய எஞ்சின்களில் இது 9, 10, அதற்கும் மேல். அதிகம் அமுக்கினால் அதே பெற்றோலில் அதிக வலு எடுக்கலாம். ஆனால் பெற்றோல் தரம் குறைந்ததாக இருந்தால், பிளக் தீப்பொறி போடுவதற்கு ஒழுங்காக எரியாமல் ஆங்காங்கே தானாக வெடித்து, பிஸ்டனை உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். புல்லட் கொஞ்சமாக அமுக்கியதால் எந்தக் கிராமத்துப் பெற்றோலையும் குடித்தது. வலுவை விட்டுக்கொடுத்து வாங்கிய பொறுமை அது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து அனுபவம் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊர்த் தெருக்களில் புல்லட் அதிகம் இருக்கவில்லை. எம்மவர்கள் அறிந்த ஒற்றைச் சிலிண்டர்கள் ஹொண்டா 50, 90, எம்.டி. 90 போன்றவை. ஆனால் இயங்கும் விதி ஒன்றுதான். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் போதியளவு ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இதை யாரும் பல்கலைக்கழகத்தில் படித்துச் செய்யவில்லை. ஆனால் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் செய்யப்பட்ட பெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது: சிறு தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருள். அதற்காகவே அவற்றின் அமுக்க விகிதம் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் இல்லாத நாட்டில் இருந்தவர்கள், எஞ்சின் வல்லுநர்கள் கண்ட அதே விடையைத் தங்கள் கராஜுகளில் கண்டுகொண்டார்கள்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். புகை கண்ணை எரிக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றவும், பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், சிலிண்டர் தலையைத் திறந்து கரியைச் சுரண்டவும் வேண்டியிருந்தது. கழற்றக்கூடிய எஞ்சின் என்பதால் இவையெல்லாம் சாத்தியமாயின. கணினி காவல் காக்கும் இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது எச்சரிக்கை விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும்.

ஒயில் இருக்கும் இடம்

பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இருக்கைக்குக் கீழே ஒயிலுக்குத் தனித் தாங்கி இருக்கும். அங்கிருந்து றப்பர்க் குழாய்கள் எஞ்சினுக்கு வரும். குழாய் வெடித்தால் கதை முடிந்தது. புல்லட்டில் அந்தத் தாங்கி கிராங்க் பெட்டியின் பின்புறத்தில் அதே வார்ப்பிலேயே ஓர் அறையாக வைக்கப்பட்டிருக்கிறது. கிராங்க் தண்டின் நுனியில் உள்ள திருகுப்பல் ஒன்று இரண்டு சிறு பம்புகளை ஆட்டுகிறது. ஒன்று அறையிலிருந்து ஒயிலை எடுத்து எஞ்சினுக்கு அனுப்பும். மற்றது எஞ்சினின் அடியில் வடிந்த ஒயிலைத் திரும்ப அறைக்குள் தள்ளும். திருப்பி அனுப்பும் பம்பு சற்றுப் பெரியது. அப்படி இல்லாவிட்டால் கிராங்க் பெட்டி ஒயிலால் நிரம்பிவிடும்.

கனெக்டிங் றொட் கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்தில் உருளைகள் இல்லை. தளர்வாகச் சுற்றும் ஓர் உலோக வளையம் மட்டுமே உண்டு. அதன் உள்ளும் புறமும் ஒயில் படலம். அந்த ஒயில் நின்றால் வளையமும் நின்றுவிடும். ஆகவே புல்லட் வைத்திருப்பவருக்கு முதல் வேதம் ஒயில்தான். அளவைப் பார்ப்பதும், குறித்த காலத்தில் மாற்றுவதும் தவறக்கூடாது. எஞ்சின் முழு வலுவோடு ஓடுமுன் சில நிமிடங்கள் மெதுவாகச் சூடேற விடவேண்டும்.

விரலால் அளக்கும் வால்வ்

சிலிண்டரின் தலையில் இரண்டு வால்வ்கள். ஒன்று கலவைக்கு வாசல், மற்றது புகைக்கு வாசல். அவற்றைத் திறக்கும் கம் எனப்படும் மேடுள்ள பற்சக்கரங்கள் கீழே, எஞ்சினின் வலப்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் அசைவை மேலே கொண்டுபோவது இரண்டு நீண்ட கோல்கள். இவற்றைப் புஷ் றொட் என்பார்கள். நவீன எஞ்சின்களில் கம் தலையிலேயே இருக்கும். அப்படி வைத்தால் வேகமாகச் சுற்றலாம். கோல்கள் பாரம் கூடியவை. வேகம் கூடினால் தடுமாறும். ஆனால் அவற்றுக்கு ஒரு நன்மை உண்டு: சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டால் பூட்டிய சிறிய மூடி ஒன்றைத் திறந்தால், இரண்டு கோல்களின் கால்களும் கண்ணுக்கு முன்னே தெரியும்.

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சரியாக வைப்பது எந்த எஞ்சினுக்கும் முக்கியம். கூடினால் தட்டும் சத்தம். குறைந்தால் வால்வ் முழுதாக மூடாமல் கருகிவிடும். பல எஞ்சின்களில் இதற்கு மெல்லிய அளவுத் தகடு வேண்டும். புல்லட்டில் விரலே அளவுகோல். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், கோலை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். எஞ்சின் சூடேறும்போது சிலிண்டரும் தலையும் விரிந்து, தேவையான இடைவெளி தானாகவே உண்டாகும். இருபது நிமிட வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம். கண் பார்வை மங்கியவரும் செய்யலாம்.

தீப்பொறியும் அப்படித்தான். பொயின்ற் எனப்படும் இரண்டு சிறு உலோக முனைகள் சரியான கணத்தில் பிரியும்போது, கொயிலில் இருந்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் பாய்கிறது. அந்த முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை. தேய்ந்தால் மெல்லிய அரத்தாலோ உப்புத்தாளாலோ துடைத்து மீண்டும் இடைவெளி வைக்கலாம். வழியில் நின்றுவிட்ட புல்லட்டுக்காரர் ஒருவர், சட்டைப் பையில் இருந்த விசிட்டிங் காட்டின் தடிப்பை வைத்து அளந்துவிட்டுப் போவதைச் சென்னைத் தெருக்களில் காணலாம்.

உதைப்பதற்கும் ஒரு முறை

புல்லட்டை எழுப்பப் பலம் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டியது பலமல்ல, முறை. 346 சிசியும் ஒரே சிலிண்டரில் இருப்பதால், பிஸ்டன் மேலேறி அமுக்கும் இடத்தில் கிக்கர் பாறைபோல நிற்கும். அந்த இடத்தில் உதைத்தால் கால்தான் நோகும். சில வேளை எஞ்சின் பின்புறமாக வெடித்து, கிக்கர் திருப்பி உதைக்கும்.

அதற்காகவே இடக்கைப் பக்கத்தில் டிகம்பிறஸர் என்ற சிறு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் சிலிண்டர் தலையில் ஒரு குட்டி வால்வ் திறந்து அமுக்கம் வெளியேறும். முன்விளக்குக் கூட்டின் மேல் உள்ள அம்மீற்றர் மற்ற உதவியாளர். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தால் அதன் முள் ஓரிடத்தில் இடப்புறம் சாயும். அப்போது பொயின்ற் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது. இன்னும் அழுத்தினால் அமுக்கம் தடுக்கும். அங்கே டிகம்பிறஸரை இழுத்துக்கொண்டு சற்று முன்னே தள்ளினால் முள் நடுவுக்குத் திரும்பும். பொயின்ற் திறந்துவிட்டது, பிஸ்டன் அமுக்க உச்சியைக் கடந்துகொண்டிருக்கிறது. கைப்பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான உதை. இப்போது அடுத்த அமுக்கத்துக்கு முன் ஏறக்குறைய இரண்டு சுற்று இருக்கிறது. அதற்குள் பிளைவீல் வேகம் எடுத்துவிடும். ஐம்பது கிலோ எடையுள்ளவரும் எழுப்பலாம்.

கியரும் சில்லும்

கியர்ப்பெட்டி எஞ்சினோடு ஒரே பெட்டியாக இல்லை. தனியாகச் செய்து எஞ்சினின் முதுகில் போல்ட்டால் பூட்டப்பட்ட, நான்கு கியர்களைக் கொண்ட அல்பியன் வகைப் பெட்டி அது. எஞ்சினைத் தொடாமல் கியர்ப்பெட்டியைத் திறக்கலாம். கியர் மாற்றும் நெம்பு வலக்காலுக்கு, பின் பிறேக் இடக்காலுக்கு. பழைய ஆங்கிலேய வழக்கம் இது. இன்றைய வண்டிகளுக்கு நேரெதிர். இன்னொரு வண்டியில் பழகியவர் புல்லட்டில் ஏறினால், பிறேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும் ஆபத்து உண்டு. கியர் நெம்புக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி நெம்பும் இருக்கும். நான்கிலோ மூன்றிலோ ஓடிவந்து சந்தியில் நிற்கும்போது அதைக் குதியால் ஒருமுறை மிதித்தால் நேரே நியூற்றலுக்கு வரும்.

வெடிக்கு வெடி வரும் அடி செயினையும் பற்களையும் உடைக்காமல் இருக்க, பின் சில்லின் நடுவில் றப்பர்த் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் இழுப்பு முதலில் அந்த றப்பரை நசுக்கி, அதன் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது. சட்டகத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. முன்னாலிருந்து இறங்கும் குழாய் எஞ்சினுக்குக் கீழே தொடர்வதில்லை. இடைவெளியை எஞ்சினே நிரப்புகிறது. எஞ்சின் வண்டியின் எலும்பாகவும் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும்

புல்லட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பக்தியில் பேசுவது வழக்கம். ஆனால் நியாயமாகச் சொன்னால் அதன் குறைகள் சிறியவை அல்ல.

முதலாவது அதிர்வு. ஒரு பிஸ்டன் தனியாக மேலும் கீழும் ஓடும்போது அதைச் சமப்படுத்த எதிர்ப் பிஸ்டன் இல்லை. பிளைவீலில் எதிர்ப்பாரம் வைக்கலாம். ஆனால் அந்தப் பாரம் வட்டமாகச் சுற்றுகிறது, பிஸ்டனோ நேர்கோட்டில் ஓடுகிறது. மேல்கீழ் அதிர்வைக் குறைத்தால் முன்பின் அதிர்வு கூடும். ஏதோ ஒரு நடுநிலையில் நிறுத்துவார்கள். சுற்று வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் தாலாட்டும் புல்லட், 100ஐ நெருங்கும்போது கண்ணாடியில் எதுவும் தெரியாதபடி நடுங்கும். நட்டுகள் தளரும், விளக்கு இழைகள் அறும்.

இரண்டாவது வெப்பம். இரும்புச் சிலிண்டர் வெப்பத்தை மெதுவாகத்தான் வெளியே விடும். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவது ட்ரம் பிறேக். முன்னே போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் நிறைய இடம் விட வேண்டும். நான்காவது ஒயில் கசிவு. பல துண்டுகளாகப் பூட்டிய எஞ்சினில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவுக்கான இடம். சுற்றாடலைப் பொறுத்தவரை காபரேற்றர் எஞ்சின் விடும் புகை இன்றைய தரத்துக்கு ஒத்துவராது. உலக நாடுகளின் புகை விதிகள் இறுகியதும் இந்த எஞ்சின் ஓய்வு பெற்றதற்கு ஒரு காரணம்.

2023 இல் வந்த புதிய புல்லட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 349 சிசி, அமுக்க விகிதம் 9.5க்கு 1, ஏறத்தாழ 20 குதிரைவலு. எழுபத்தைந்து வருட முன்னேற்றத்தில் கிடைத்தது இரண்டு குதிரைவலு மட்டுமா என்று கேட்கலாம். மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்திருக்கிறது. அதிர்வை அடக்க எதிர்த்துச் சுற்றும் தண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. காபரேற்றருக்குப் பதில் கணினி எரிபொருளை அளக்கிறது. டிஸ்க் பிறேக் ஒழுங்காக நிறுத்துகிறது. ஒயில் கசிவதில்லை. எல்லா வகையிலும் நல்ல வண்டி. ஆனால் வழியில் நின்றுவிட்டால் விசிட்டிங் காட்டால் எதுவும் செய்ய முடியாது.

ரொறன்ரோவில் ஒரு பழைய புல்லட்

இங்கும் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்க நினைக்கும் இளையோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள்.

இது 401க்கான வண்டி அல்ல. அதன் உச்ச வேகமே மணிக்கு 110 கிலோமீற்றர் அளவில்தான். நெடுஞ்சாலையில் மற்றவர்கள் ஓடும் வேகத்தை அது முழு மூச்சில் ஓடித்தான் எட்டும். எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் அது நல்லதல்ல. கிங்ஸ்ரன் வீதியும், நகருக்கு வெளியே உள்ள கிராமத்து வீதிகளும்தான் அதன் இடம். வெள்ளிக்கிழமையும் 13ஆம் திகதியும் சேர்ந்து வரும் நாட்களில் ஈரி ஏரிக்கரையில் உள்ள போர்ட் டோவரில் 1981 முதல் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுகிறார்கள். அங்கே பழைய வண்டிகளையும் அவற்றைக் கையால் பராமரிப்பவர்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், 15 வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கனடாவின் புதிய வாகனப் பாதுகாப்புத் தர விதிகள் பொருந்தாது. ஆனால் அதில் அந்நிய மண் ஒட்டியிருக்கக் கூடாது. சில்லு, மட்காட், சட்டகத்தின் அடி எல்லாம் கழுவித் துடைத்தே அனுப்ப வேண்டும். 30 வருடம் கடந்து, பெருமளவில் பழைய வடிவிலேயே இருக்கும் வண்டிக்கு ஒன்ராறியோவில் வரலாற்று வாகன இலக்கத் தகடு எடுக்கலாம். கண்காட்சி, ஊர்வலம் போன்ற குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கே அது செல்லும்.

பனிக்காலத்துக்கு நிறுத்தும்போது ஒயிலை முன்னரே மாற்றிவிட வேண்டும். பழைய ஒயிலில் உள்ள அமிலம் ஐந்து மாதம் உள்ளே இருந்தால் உலோகத்தை அரிக்கும். இங்குள்ள பெற்றோலில் எதனோல் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், பழைய றப்பர்களையும் கெடுக்கும். ஆகவே காபரேற்றரில் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள். பிஸ்டனை அமுக்க உச்சியில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வசந்தத்தில் முதல் தடவை எழுப்பும்போது நீலப்புகை வந்தால் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் நின்றதில் ஒயில் மெல்ல வடிந்து கிராங்க் பெட்டிக்குள் சேர்ந்திருக்கும். திருப்பி அனுப்பும் பம்பு சில நிமிடங்களில் அதை இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இவ்வளவு கவனம் கேட்கும் ஒரு பொருளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீடுகளில் இன்று இருக்கும் கார், கைத்தொலைபேசி, சலவை யந்திரம் எல்லாம் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைவிடத் திறமானவை. ஆனால் பழுதானால் திறக்க முடியாதவை. பலவற்றில் செய்தவரே போட்ட இலத்திரனியல் பூட்டு இருக்கிறது. திருத்துவதற்காக அந்தப் பூட்டை உடைப்பதுகூட இந்த நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணாகவே இருந்தது. 2024 நவம்பரில்தான் கனடா அந்தச் சட்டத்தைத் திருத்தி, பராமரிக்கவும் திருத்தவும் அதற்கு இடம் கொடுத்தது. வாங்கியவருக்குத் தன் பொருளைத் திறக்கும் உரிமை உண்டா என்பது இப்போது பாராளுமன்றம் வரை போன கேள்வி. திருவொற்றியூரில் செய்த எஞ்சினுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. திறக்காமல் அதை வைத்திருக்கவே முடியாது.

சட்டம் அனுமதி கொடுத்தாலும் கை பழகியிருக்க வேண்டும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுதப்படவில்லை. வரும் வசந்தத்தில் கராஜ் கதவைத் திறக்கும்போது, அது புல்லட்டாக இருந்தாலும் சரி, புல் வெட்டும் யந்திரமாக இருந்தாலும் சரி, பேரப்பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டும் யந்திரத்துக்குள்ளும் பெரும்பாலும் இருப்பது அதே ஒற்றைச் சிலிண்டர்தான். பிளக்கைக் கழற்றும் சாவியை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.